பதினோராம் நிரையில் அடக்கம் செய்த கை

வெள்ளையம்மாவுக்கு வெற்றிலை மடித்துத் தருவதற்காகச் சுண்ணாம்பு டப்பாவுக்குள் ஆள்காட்டி விரலை விட்டு எடுத்ததுதான் வீரமுத்துவின் வலது கை கடைசியாகச் செய்த சாதாரண வேலை. பதினோரு நாள் கழித்து அந்தக் கையின் அடக்கத்துக்கு அவன் தானே நடந்து போய், இடது கையால் மூன்று முறை மண் அள்ளிப் போட்டான்.

இது நடந்தது 1924ஆம் ஆண்டு, மலாயாவில், செடெனாக் ரயிலடியிலிருந்து மூன்று கட்டைத் தூரம் உள்ளே இருந்த குருவித்தோட்டம் என்ற ரப்பர் தோட்டத்தில். வெள்ளையம்மா பதினோராம் நிரையில் பால் மரம் வெட்டுகிறவள். அவள் கணவன் வீரமுத்துவுக்கு ஸ்டோரில், ரப்பர் தகடு செய்யும் ஆலையில், வேலை. உறைந்த பாலை ரோலரில் கொடுத்துத் தகடாக அழுத்தி எடுப்பான். அன்று உச்சி நேரத்தில் அவள் பால் வாளிகளை இறக்கிவிட்டு ஸ்டோர் வாசலில் உட்கார்ந்திருந்தாள். அவன் இடது கையில் வெற்றிலை, வலது விரல் நுனியில் சுண்ணாம்பு. உள்ளே தகடு சிக்கிக்கொண்டது என்று யாரோ கத்தினார்கள். "வாயத் தெறந்தே வச்சிரு புள்ள, இந்தா வந்துர்றேன்" என்று சொல்லி, சுண்ணாம்பைத் துடைக்கக்கூட நேரமில்லாமல் அவன் எழுந்து ஓடினான். ரோலர் கையை மணிக்கட்டு வரை வாங்கிக்கொண்டது. மீதி இருந்ததைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசர் ஐயாத்துரை சுத்தமாக வெட்டித் தைத்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், எதையும் நோட்டில் எழுதி வைக்கிறவர். ரோலரிலிருந்து எடுத்த கை எப்படியோ நசுங்காமல் முழுதாக இருந்தது. அதை ஸ்பிரிட் ஊற்றிய கண்ணாடி ஜாடியில் போட்டு மூடினார். போடும்போது விரல்கள் விரிந்திருந்தன என்றும், பதினோராம் நாள் திறந்தபோது கை இறுக மூடிய முஷ்டியாக இருந்தது என்றும் எழுதினார். வேறு எதுவும் எழுதவில்லை.

கையைக் குழி வெட்டிப் போட்டுவிடலாம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். வெள்ளையம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "இந்தக் கைதான் எனக்குத் தாலி கட்டுச்சு. குப்பையில போடுவீங்களோ?" என்று கேட்டாள். தோட்டத்துக்கு முடிவெட்ட வருகிற சதாசிவம்தான் சாவுச் சடங்குகளையும் செய்து வைப்பவர். அவரிடம் ஒரு கைக்கு எத்தனை நாள் தீட்டு என்று கேட்டார்கள். அவர் கத்தியைத் தீட்டிக்கொண்டே யோசித்தார். "முழு ஆளுக்குப் பதினாறு. கைக்கு ரெண்டு நாள் போதும். விரல் மட்டும் போயிருந்தா குளிச்சிட்டு வேலைக்குப் போயிரலாம்" என்றார். பதினோராம் நிரையின் மூன்றாவது மரத்தடியில் கையை வைத்து மூடினார்கள். அது வெள்ளையம்மா வெட்டும் மரம். மறுநாள் அதே மரத்தின் பாலை ஒரு மங்கு, பால் பிடிக்கும் கோப்பை நிறைய, அங்கே ஊற்றினாள். தீட்டுக் கழிந்தது.

வலி அதற்கடுத்த நாள் தொடங்கியது. இல்லாத கை இறுக மூடிக்கொண்டது. இல்லாத நகங்கள் இல்லாத உள்ளங்கையில் இறங்கின. அங்கிருந்து தோள் வரைக்கும் நெருப்பைக் கயிறாகத் திரித்து இழுப்பது போல இருந்தது. விரலை நீட்டினால் சரியாகிவிடும் என்று வீரமுத்துவுக்குத் தெரிந்தது. நீட்டுவதற்கு விரல் பதினோராம் நிரையில் இருந்தது. "கை போனது நரம்புக்கு இன்னும் தெரியாது. அது தன்ர வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கு" என்று ஐயாத்துரை சொல்லி, அபின் சேர்ந்த பழுப்பு நிற மருந்தை நாளுக்கு இருபது துளி எழுதிக் கொடுத்தார். மருந்து வலியை அடக்கியது. வயிற்றையும் ஐந்து நாள், ஆறு நாள் என்று அடக்கியது. நாக்கு கட்டையாய் உலர்ந்தது, உடம்பெல்லாம் அரித்தது, சோற்றைக் கண்டால் குமட்டியது. எல்லாவற்றுக்கும் மேலாக அவன் தூங்கினான். கவளம் வாயிலிருக்கும்போதே தூங்கினான்.

தூக்கம்தான் ஆபத்தாக இருந்தது. ஒற்றைக் கையனுக்குத் தோட்டத்தில் கொடுக்கக்கூடிய ஒரே வேலை புகைக்கொட்டகை ஜாகா, காவல்காரன். தகடுகள் தொங்கும் கொட்டகையில் தீ அணையாமலும் மேலே ஏறாமலும் பகல் முழுவதும் காவல் இருக்க வேண்டும். முதல் மாதமே இரண்டு தடவை துரை வந்தபோது அவன் தூங்கிக்கொண்டிருந்தான். இரண்டாம் தடவை கீழ்வரிசைத் தகடுகள் கருகிவிட்டன. இன்னொரு தடவை தூங்கினால் அடுத்த கப்பலில் ஊருக்கு ஏற்றிவிடுவதாக உத்தரவாயிற்று. ஊரில் அவர்களுக்கு நிலமும் இல்லை, வீடும் இல்லை. போனால் அவன் மட்டும்தான் போக வேண்டும், மரம் வெட்டுகிற கை தோட்டத்துக்குத் தேவை என்றும் உத்தரவில் இருந்தது.

வெள்ளையம்மா அழவில்லை. மருந்துப் புட்டியை எடுத்துக்கொண்டு டிரெசரிடம் போனாள்.

"டிரெசர் ஐயா, இத நிறுத்திப்புடட்டுமா?"

"ஐயோ, ஒரேயடியா நிப்பாட்டினா ஆள் தாங்காது, விளங்குதோ? உடம்பு பழகிப்போச்சு. கிழமைக்கு ஒரு துளி குறை. வலி கூடினா அந்தக் கிழமை குறைக்காதை. என்னட்டச் சொல்லாமல் ஒண்டும் செய்யாதை."

"வலி கூடுமா கூடாதான்னு எனக்கு முன்னாடியே தெரியும்யா."

"எப்பிடி?"

"மரம் சொல்லும்."

அது உண்மை. மூன்றாவது மரத்தில் அவள் கத்தி வைத்தும் பால் வராத காலையில், அன்று வீரமுத்துவின் கை கடுமையாக இறுகும். மங்கு நிறைந்தால் அன்று அவன் சமாளித்துவிடுவான். ஐயாத்துரை இரண்டு வாரம் தானே போய்ப் பார்த்து, பால் அளவை ஒரு பக்கத்திலும் வலியை மறுபக்கத்திலும் எழுதி, சரிதான் என்று ஒப்புக்கொண்டார். அன்றிலிருந்து மருந்தின் அளவை டிரெசரும் வெள்ளையம்மாவும் மரமும் சேர்ந்து தீர்மானித்தார்கள்.

மற்றதை அவள் அடுப்படியிலேயே பார்த்துக்கொண்டாள். கடுக்காய்ப் பொடியை வெந்நீரில் கலக்கிக் கொடுத்து, லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் பழுத்த பப்பாளியையும் தின்னவைத்து, மூன்றாம் நாள் வயிற்றை வழிக்குக் கொண்டுவந்தாள். அன்று அவன் திரும்பி வரும் வரை லயமே காத்திருந்தது. குமட்டலுக்கு இஞ்சியைத் தட்டி உப்பு வைத்தாள். அரிப்புக்கு வேப்பிலைத் தண்ணீர் வார்த்தாள். நாக்கு உலராமலிருக்க நெல்லிக்காய்த் துண்டு ஒன்று எப்போதும் அவன் கன்னத்தில் அடங்கியிருந்தது. வேலைக்குப் போகுமுன் தவிட்டை வறுத்துத் துணியில் முடிந்து, வெட்டுப்பட்ட கை முனையில் ஒத்தடம் கொடுத்து, விரலால் மெல்லத் தட்டித் தட்டிப் பழக்கினாள். முதலில் கொசுவலை பட்டாலே துடித்தவன், மூன்று மாதத்தில் அந்த முனையாலேயே கதவைத் தள்ளித் திறந்தான். சோற்றை மட்டும் அவள்தான் ஊட்டினாள். இடது கையால் சாப்பிட அவனுக்குக் கூச்சம். "பேறுகாலத்துக்கு வந்த புள்ள மாதிரில்ல கவனிக்கிறா" என்று அடுத்த வீட்டுப் பேச்சியம்மாள் கேலி செய்தாள். "புள்ளையா இருந்தா வளந்துரும்க்கா, இது வளராது" என்றாள் வெள்ளையம்மா.

இருபது துளி மூன்றாக இறங்கியது. மூன்றில் நின்றுவிட்டது. இரண்டாக்கினால் கை இறுகி அவன் பல்லைக் கடித்துக் கத்தினான், மரம் நாலு நாள் வறண்டது. மூன்று குடித்தால் மத்தியானம் கண் சொருகியது. சுக்குக் காப்பி குடித்துக்கொண்டும், கொட்டகையைச் சுற்றி நடந்துகொண்டும், ஒவ்வொரு மத்தியானத்தையும் அவன் பிழைத்துக் கடந்தான். எத்தனை நாளைக்கு இப்படி முடியும் என்று அவனுக்கும் தெரியவில்லை, மரத்துக்கும் தெரியவில்லை.

ஒன்பதாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சதாசிவம் வந்து லயத்து முற்றத்தில் பெட்டியைத் திறந்தார். ஆணியில் தொங்கவிடும் கண்ணாடியை அன்று பெட்டிமேல் சாய்த்து வைத்திருந்தார். முக்காலியில் உட்கார்ந்த வீரமுத்துவின் வலப்பக்கம், இடது கையைப் பார்த்தபடி அது நின்றது. ஒரு கன்னம் மழித்து முடிந்தபோது அவன் தற்செயலாகக் குனிந்து பார்த்தான். கண்ணாடியில் ஒரு வலது கை இருந்தது. அதில் அதிசயம் இல்லை, இடது கையைக் காட்டினால் எந்தக் கண்ணாடியும் வலது கையைத்தான் காட்டும். ஆனால் முழங்காலில் இருந்த அவன் இடது கை விரிந்திருந்தது. கண்ணாடியில் இருந்த கை முஷ்டியாக மூடியிருந்தது.

சதாசிவம் கத்தியைக் கீழே வைத்தார். "அலமாக்! நான் அடக்கம் பண்ணின கையில்ல இது!"

வெள்ளையம்மாவைக் கூப்பிட்டார்கள். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து கண்ணாடி முன் குந்தி உட்கார்ந்தாள். முதலில் அதைத் திட்டினாள். "ஒம்பது மாசமா அந்த மனுசனப் போட்டு இந்தப் பாடு படுத்துறியே, ஒனக்கு நாங்க என்ன கொறை வச்சோம்? பால் ஊத்துனமா இல்லியா?" கை அசையவில்லை. பிறகு அவள் கூர்ந்து பார்த்தாள். மற்ற மூன்று விரல்களும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலின் நுனியைப் பொத்திப் பிடித்திருந்தன. காற்றில் விளக்கைப் பொத்தி எடுத்துப் போவது போல. விரலிடுக்கில் வெள்ளையாகக் கொஞ்சம் தெரிந்தது.

அவள் மடியிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து, காம்பைக் கிள்ளி, கண்ணாடி முன்னால் நீட்டினாள்.

"இந்தாங்க, வாயத் தெறந்தே வச்சிருக்கேன்" என்றாள்.

கை திறந்தது. முதலில் கட்டைவிரல், பிறகு சுண்டுவிரல், பிறகு மற்றவை. ஒவ்வொரு விரல் நீளும்போதும் வீரமுத்துவின் தோளிலிருந்து ஒரு முடிச்சு அவிழ்ந்தது. கடைசியாக ஆள்காட்டி விரல் நீண்டு, கண்ணாடிக்குள் இருந்த வெற்றிலையில் ஒரு கோடு இழுத்தது. வெளியே வெள்ளையம்மா பிடித்திருந்த வெற்றிலையிலும் அந்தக் கோடு இருந்தது. அவள் பாக்கை வைத்து மடித்து வாயில் போட்டு மென்றாள். எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சுண்ணாம்பு கொஞ்சம் கூடிப்போச்சு" என்றாள்.

சதாசிவம் மறு கன்னத்தை மழித்தார். கண்ணாடியை விட்டுவிட்டுப் போனார். தன்னிடம் இன்னொன்று இருப்பதாகச் சொன்னார், அது பொய்.

மறுநாள் மூன்றாவது மரம் நாலு மங்கு பால் கொடுத்தது. வலி அதோடு ஒழிந்துவிடவில்லை, மழைக்காலத்தில் வரும். வந்தால் காலையில் ஐந்து நிமிடம் கண்ணாடியைச் சாய்த்து வைத்துக்கொண்டு உட்காருவார்கள். அவள் வெற்றிலையை நீட்டுவாள், கை திறக்கும், வலி போகும். மூன்று துளி மூன்று வாரத்தில் தீர்ந்தது. காலிப் புட்டியைக் கழுவி ஐயாத்துரையிடம் திருப்பிக் கொடுத்தார்கள், அவர் அதில் தைலம் ஊற்றி வைத்தார். வீரமுத்து பகலில் தூங்குவதை விட்டான். கூச்சத்தையும் விட்டு இடது கையால் சாப்பிடத் தொடங்கினான். ரப்பர் விலை விழுந்து பாதித் தோட்டத்தை மூடி, முந்நூறு பேரைக் கப்பலேற்றிய 1930லும் அவன் பெயர் பட்டியலில் இல்லை. புகைக்கொட்டகையில் ஆறு வருடமாக ஒரு தகடு கருகியதில்லை. கண்ணாடிக் கையின் சுண்ணாம்பு எத்தனை வெற்றிலைக்குத் தடவியும் குறையவில்லை. அதைப் பற்றி லயத்தில் யாரும் பேசுவதுகூட நின்றுபோயிற்று.

1936 ஐப்பசியில் வெள்ளையம்மா மூன்று நாள் காய்ச்சலில் இறந்தாள். பதினோராம் நிரையின் மூன்றாவது மரத்துக்குப் பக்கத்தில் அவளை வைத்தார்கள். சதாசிவம் பதினாறு நாளையும் குறைவில்லாமல் செய்தார். இனி அந்தக் கை மூடிக்கொள்ளும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். தலை நரைத்த ஐயாத்துரை பழுப்பு மருந்துப் புட்டி ஒன்றைக் கொண்டுவந்து அலமாரியில் வைத்துவிட்டுப் போனார்.

பதினேழாம் நாள் காலையில் வீரமுத்து கண்ணாடியைத் துடைத்துச் சாய்த்து வைத்தான். கை விரிந்தே இருந்தது. அவன் ஒரு வெற்றிலையை மடியில் வைத்துப் பார்த்தான், கை அசையவில்லை. அந்தச் சுண்ணாம்பு அவனுக்காக எடுத்ததல்ல. சற்று நேரம் அதனோடு உட்கார்ந்திருந்துவிட்டு, புகைக்கொட்டகைக்கு நேரமாகிவிட்டதென்று எழுந்து போனான். அலமாரியில் இருந்த புட்டியின் அரக்கு உடையவில்லை. கை அதற்குப் பிறகும் மூடவில்லை. ஆள்காட்டி விரல் நுனியில் சுண்ணாம்பு இன்னும் காயாமல் இருக்கிறது.