சுண்டெலி போட்ட கூச்சல்

முதுகில் அடிபட்டபோது கொடுத்த வலி மாத்திரை, வலி போன பிறகும் வெல்டரை விடவில்லை. அந்தப் பழக்கத்திலிருந்து மீள, நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்கும் வேறொரு மாத்திரையைத் தினமும் எடுத்துவந்தான். மனைவிக்குத் தெரியும். மாமனாரிடம் மட்டும், “முதுகு வலிக்கு” என்று சமாளித்திருந்தார்கள்.

அன்று காலை மாத்திரையைப் பிரித்து மேசையில் வைத்தவன், போன் அடிக்கிறதே என்று உள்ளே போனான். திரும்பி வந்தால், இரண்டு வயது மகள் நாற்காலியில் ஏறி நின்று எதையோ சப்பிக்கொண்டிருந்தாள். எந்த இண்டு இடுக்கிலும் நுழைவதால் வீட்டில் அவளுக்குச் சுண்டெலி என்று பெயர். வாய்க்குள் விரலை விட்டான். மாத்திரையில் பாதிதான் மிச்சம்.

மாமனார்தான் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு வண்டியை விரட்டினார். ஆஸ்பத்திரி வருவதற்குள் சுண்டெலியின் தலை அவன் தோளில் துவண்டுவிட்டது. கூப்பிட்டால் கண் திறக்கவில்லை.

“என்ன சாப்பிட்டா?” என்றார் டாக்டரம்மா.

“முதுகு வலி மாத்திரைங்க,” என்றார் மாமனார்.

வெல்டர் மாமனாரை ஒரு முறை பார்த்தான். அப்படியும் சொல்லிவிட்டான். “இல்ல டாக்டர். பழைய வலி மாத்திரையோட போதைப் பழக்கத்த விடறதுக்கு நான் சாப்பிடற மாத்திரை.” மாத்திரை அட்டையையும் நீட்டினான்.

“நல்ல வேளை சொன்னீங்க. இதுக்கு முறிவு மருந்து இருக்கு.”

ஊசி போட்டார்கள். மூவரும் அந்தச் சின்ன மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று கை அசைந்தது. அடுத்த நொடி, வார்டே அதிர ஒரு கூச்சல்! பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். “கத்துடி, நல்லா கத்து!” என்று மனைவி அழுதுகொண்டே சிரித்தாள். சுண்டெலி நர்ஸின் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கினாள்.

“இன்னிக்கு இங்கயே இருக்கட்டும். மயக்கம் திரும்ப வரலாம், பாத்துக்கணும்,” என்றார் டாக்டரம்மா.

வெளியே வராந்தாவில் மாமனார் கேட்டார்: “அந்தப் பழைய மாத்திரையத் தொட்டு எவ்ளோ நாளாச்சு?”

“ஒரு வருஷம் ஆகப்போகுது, மாமா.”

“ஒரு வருஷமா? இத ஏன்யா மறைச்சீங்க, மாப்ள? நான் நாலு பேருகிட்ட பெருமையா சொல்லிருப்பேனே!”

வெல்டருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தான்.

“ஆனா இனிமே மாத்திர பூட்டுக்குள்ளதான். பெட்டி நான் வாங்கறேன். மேல் அலமாரியில வெச்சுப் பூட்டணும், ஆமா!”

“சரி, மாமா.”

உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. “அப்பா, யாராவது ஓடி வாங்களேன்! இவ கட்டில விட்டு எறங்கிட்டா, பிடிக்க முடியல!”

இருவரும் விழுந்தடித்துக்கொண்டு ஓடினார்கள்.