சாவில்லாத கொம்யூன்

பாகூருக்குத் தெற்கே இருக்கிறது எங்கள் கொம்யூன்; பிரெஞ்சுக்காரர்கள் நாலைந்து ஊர்களைச் சேர்த்து வகுத்த வட்டாரம். பெயர் வேண்டாம், மேர் சிவப்பிரகாசம் கோபித்துக்கொள்வார். எங்கள் கொம்யூனுக்குத் தலைவர் அவர்தான். அந்த வருஷம் வாந்திபேதி தெருத்தெருவாக ஆட்களை வாரிக்கொண்டு போனது. ஆனால் மேர் கணக்கில் ஒரு சாவுகூட இல்லை. செத்தவனைச் செத்தவன் என்று பதிந்தால் ஓட்டில் ஒன்று குறையுமே! செத்தவர்கள் ஒருவர் விடாமல் அவருக்குத்தான் ஓட்டுப் போடுவார்கள். உயிரோடிருக்கும் நன்றிகெட்ட ஜென்மங்களை அப்படி நம்ப முடியுமா?

புதுச்சேரி சர்க்காரோ சாவுக் கணக்கைப் பார்த்துத்தான் டாக்டரையும் ஊசிமருந்தையும் அனுப்புவார்கள். அக்கம்பக்கத்துக் கொம்யூன்களுக்கெல்லாம் மருந்து போயிற்று. எங்களுக்கு, சுகாதாரத்தில் முதல் கொம்யூன் என்று பாராட்டுப் பத்திரம் வந்தது. மேர் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார்.

ஓட்டுப்போடும் நாள் விடியும்போது சின்னபொண்ணுவின் புருஷன் அரங்கநாதன் போய்ச் சேர்ந்தான். ஒரே மகள் அமுதமும் அதே வாந்திபேதியில் துவண்டு கிடந்தாள். டாக்டரை வரவழைக்கச் சொல்லி முந்தின நாளே சின்னபொண்ணு மேர் காலில் விழுந்திருந்தாள். மேர் எழுதிக் கேட்டால்தான் டாக்டர் வருவார். எழுதினால் பத்திரத்தின் மானம் என்னாவது? வெந்நீர் கொடு, சரியாகிவிடும் என்று அனுப்பிவிட்டார், பாவி மனுஷன்.

உட்கார்ந்து அழ அவளுக்கு நேரமில்லை. மகளைப் பக்கத்து வீட்டுக் கலியம்மாளிடம் விட்டாள். புருஷனை மாட்டுவண்டியில் கிடத்தி, கழுத்துவரை போர்த்தி, ஓட்டுச்சாவடி வாசலுக்கே ஓட்டிப்போனாள். உள்ளே, தேர்தலைப் பார்வையிடப் புதுச்சேரியிலிருந்து வந்த வெள்ளைக்காரத் துரை உட்கார்ந்திருந்தார்.

மேருக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஓடிவந்து அவள் காதோரம் கெஞ்சினார். அரங்கநாதன் பெயரில் காலையிலேயே ஓட்டு விழுந்துவிட்டதாம். துரை எதிரிலேயே பெயரைக் கூப்பிட்டார்களாம். இப்போது போய்ச் செத்துவிட்டான் என்றால் எல்லாருக்கும் விலங்குதானாம்.

"அப்போ எம் புருசன் சாவல?" என்றாள் சின்னபொண்ணு.

"சாவலம்மா."

"சாவலன்னா சீக்குதான? டாக்டரக் கூப்புடுங்க."

துரையின் துபாசிக்குக் கேட்கும்படி உரக்கவே சொன்னாள். அவர் துரையிடம் பிரெஞ்சில் சொன்னார். துரை வாசல்வரை வந்து எட்டிப் பார்த்தார். காலையில் கூப்பிட்ட பெயர் இவனுடையதுதான் என்று துபாசி சொன்னதும், இவ்வளவு சீக்கிலும் வந்து ஓட்டுப் போட்டிருக்கிறானே என்று உருகிப்போய், டாக்டரை அழைத்துவரத் தன் மோட்டாரையே அனுப்பினார். மேர் பல்லைக் கடித்துக்கொண்டு கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். சின்னபொண்ணு வண்டியை வீட்டுக்குத் திருப்பினாள்; மேரும் பின்னாலேயே ஓடினார்.

டாக்டர் நடுப்பகலுக்குள் சின்னபொண்ணு வீட்டுக்கே வந்தார். அரங்கநாதன் கையைத் தொட்டார். மேர் முகத்தைப் பார்த்தார். நேரே அமுதத்திடம் போய் உட்கார்ந்து, உப்புத்தண்ணீரை நரம்பில் ஏற்றத் தொடங்கினார். பொழுது சாயுமுன் பெண் கண்ணைத் திறந்து கஞ்சி கேட்டாள். தெருவுக்கே ஊசி போட்டார்கள்.

ஓட்டு முடிந்து ஊர் திரும்பும் வழியில் துரை அங்கே இறங்கினார். உன் புருஷனுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று துபாசியை விட்டு விசாரித்தார். மேர் துரையின் முதுகுக்குப் பின்னால் நின்று அவளைக் கும்பிட்டார்.

சின்னபொண்ணு மகளை ஒருதரம் திரும்பிப் பார்த்தாள்.

"கொணமாயிட்டாரு தொர. சுடுகாட்டுக்குத் தூக்கிக்கினு போவட்டுமா?"