பெற்றவன் பிடிக்காத தட்டு

இப்போதெல்லாம் தாளில் அச்சடித்துவிட்டால் போதும், கழுதைக்குக் கொம்பு முளைத்தது என்றாலும் ஜனங்கள் வாயைப் பிளந்து கேட்கிறார்கள். முன்பெல்லாம் ஒருவன் சேதி சொன்னால், ‘நீ பார்த்தாயா? வேறு யார் பார்த்தது?’ என்று நாலு கேள்வி கேட்ட பிறகுதான் அடுத்த வெற்றிலையை மடிப்பார்கள். இப்போது தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கந்தையா கிராணி தாளை விரித்தால், கூலியாட்கள் குடியிருக்கும் லயமே அவர் காலடியில் உட்கார்ந்துவிடுகிறது. இருசப்பனுக்கு அதைப் பார்க்கவே எரிச்சலாக வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை எரிச்சலுக்கு வேறு காரணமும் இருந்தது. அவர் மகன் உடையப்பனுக்கு, ஆட்களை மேய்க்கும் மண்டோர் வேலை வந்திருந்தது. கோலசிலாங்கூருக்கு வடக்கே இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில், புது மண்டோர் ஆகிறவன் முனியாண்டி சாமி முன்னால் எரியும் சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும்: ஆளை அடிக்க மாட்டேன், காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு வந்து நின்றவரை வரவில்லை என்று சொல்ல மாட்டேன். போன மண்டோர் இரண்டையும் செய்தவன். அதனால், சத்தியம் செய்யாதவனுக்குக் கீழே பால் வெட்டப் போக மாட்டோம் என்று லயத்து ஜனம் சொல்லிவிட்டது. துரையோ, மதியத்துக்குள் முடியாவிட்டால் சுங்கை ஆயர் தாவார் பக்கத்திலிருந்து வேறு ஆளைக் கொண்டுவருவேன் என்று சொல்லியிருந்தார்.

சிக்கல் என்னவென்றால், சூடத் தட்டைப் பிடிக்க வேண்டிய கோயில் பூசாரி இருசப்பன்தான். ஒருவன் சத்தியம் செய்யும்போது அவன் வீட்டு ஆள் சூடத் தட்டைப் பிடிக்கக் கூடாது என்பது வழக்கம். அதைச் சொல்லியே எத்தனையோ பேரை விரட்டியவரும் அவர்தான்.

கோயில் வாசலில் மரக்கட்டை மேல் உட்கார்ந்திருந்த கந்தையா தொண்டையைச் செருமினார்.

“இருசப்பன், ஒரு கேள்வி கேக்கிறன், சொல்லும் பாப்பம். போன மாசம் அமெரிக்காவிலை நாட்டுத் தலைவர் செத்துப்போனார். அடுத்தவருக்குச் சத்தியம் செய்து வைச்சது ஆர்?”

“எனக்கென்ன தெரியும்? எவனாவது பாதிரியா இருப்பான்.”

“இல்லை.”

“செத்தவரு பொண்டாட்டியா?” என்றாள் சின்னத்தாய். போன மண்டோரின் பிரம்பு போட்ட தழும்பு இன்னும் அவள் முழங்கையில் இருந்தது.

“அதுவும் இல்லை. அந்த அடுத்தவரைப் பெத்த தேப்பன்!”

கூட்டம் ‘ஆ’ என்றது. கிராணி தாளை மடியில் வைத்துக்கொண்டு கதையை அவிழ்த்தார். அந்த மனுஷன் லீவுக்குத் தகப்பன் வீட்டுக்குப் போயிருந்தாராம். பட்டிக்காடு, வீட்டில் டெலிபோன் கிடையாது. நடுச்சாமத்துக்கு மேல், தலைவர் செத்த சேதியோடு ஆள் வந்து கதவைத் தட்டியது. தகப்பனுக்குச் சத்தியக் கடுதாசியில் கையெழுத்து வைக்கிற சின்ன உத்தியோகம். மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் தகப்பன் சொல்லச் சொல்ல, மகன் கையைத் தூக்கித் திருப்பிச் சொன்னார்.

“பேந்து மகன் போய்ப் படுத்து நித்திரை கொண்டார்.”

“நாட்டையே தூக்கிக் கையில குடுத்திருக்கான், இவன் போய்ப் படுத்துத் தூங்குனானாம்!” என்றார் இருசப்பன். “அதுலயே தெரியலையா பொய்யின்னு?”

“பேப்பரிலை வந்திருக்கு.”

“நீங்க பாத்தீங்களா?”

“நான் எப்பிடிப் பாக்கிறது?”

“அப்புறம்?”

எல்லோரும் சிரித்தார்கள். கிராணி விடவில்லை. “அங்கை ஏலுமெண்டா இஞ்சை ஏலாதோ? நேரம் போகுது, தட்டைத் தூக்கும் மனுசா.”

இருசப்பன் மகனைப் பார்த்தார். எண்ணெய் வைத்து வாரிய தலை, வெள்ளை வேட்டி. அந்த வேட்டியை நேற்று அடித்துத் துவைத்தது அவர்தான், யாருக்கும் சொல்லவில்லை.

“நான் புடிச்சா என்ன ஆகும் தெரியுமா?” என்றார். “நாளைக்கு இவன் ஒருத்தரை அடிப்பான். ‘எம்புள்ள அடிச்சிருக்க மாட்டான்’னு நான் சொல்லுவேன். பெத்த வாய் அப்படித்தான் சொல்லும். அந்த அமெரிக்காக்காரன் வாயும் அதைத்தான் சொல்லும்.”

அமெரிக்காவிலும் சிலருக்குச் சந்தேகம் வந்திருந்தது. தகப்பன் செய்து வைத்தது செல்லுமோ செல்லாதோ என்று, அதே மாதத்தில் ஒரு நீதிபதியை வைத்து ரகசியமாக இரண்டாம் தடவையும் சத்தியம் வாங்கிவிட்டார்கள். அது வெளியே வரப் பல வருஷம் ஆயிற்று. கிராணியின் தாளில் அது இல்லை. இருசப்பனுக்கும் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் தன் வாய்தான்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

“விடுங்கப்பா,” என்றான் உடையப்பன் மெல்ல. “நான் பால் வெட்டிக்கிட்டே இருந்துக்கறேன்.”

“நீ வாயை மூடு!”

இருசப்பன் தட்டில் சூடத்தை வைத்துப் பற்ற வைத்தார்.  பிறகு நேரே போய்ச் சின்னத்தாயிடம் நீட்டினார்.

“புடி.”

“நானா மாமா? பொம்பள…”

“அடி வாங்கினது உன் கைதானே? இவன் அடிச்சா நாளைக்கு வாங்கப் போறதும் நீதான். நான் புள்ளைன்னு விட்டுக்குடுப்பேன். நீ விடுவியா?”

“விடமாட்டேன் மாமா,” என்று தட்டை வாங்கினாள். அவ்வளவுதான், குரலே மாறிவிட்டது. “புது மண்டோரே, சத்தமாச் சொல்லுங்க. கடைசி லயத்துக்குக் கேக்கலேன்னா இன்னொரு சூடம் ஏத்துவேன்.”

உடையப்பன் உரக்கச் சொன்னான். சொல்லி முடித்து ஓங்கி அடித்தான். புகை எழும்பியது. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்ற இருசப்பனின் உதடுகளும் அத்தனை வார்த்தையையும் கூடவே முணுமுணுத்து முடித்தன.

பிறகு வந்து மகன் கையைப் பிடித்திழுத்து, துண்டு முனையால் கரியைத் துடைத்தார். “இப்படியா அமுக்கறது, கை வெந்து போக? மண்டோராம் மண்டோர்!”

துரையிடம் சொல்ல எழுந்த கந்தையா சிரித்தார். “பாத்தீரே, கிட்டத்தட்ட அமெரிக்கா மாதிரியே முடிஞ்சுது.”

“என்ன மாதிரி? அங்கே அப்பன் பண்ணி வச்சான். நான் பண்ணி வைக்கலையே.”

“அப்ப, தேப்பன்தான் செய்து வைச்சதெண்டு நம்பிறீர்!”

 இருசப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார்.

“நீங்க பாத்தீங்களா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் லயத்தைப் பார்த்து நடந்தார். “போய்ப் படுத்துத் தூங்குனானாமில்ல!” என்ற முனகல் மட்டும் ரப்பர் மரங்களுக்கு நடுவே கொஞ்ச தூரம் வரை கேட்டது.