முப்பத்துநாலு டிகிரி

அந்த மீட்டரைக் கையில் எடுக்கும்போதெல்லாம் யோகலட்சுமி அதை முந்தானையால் ஒருமுறை துடைத்துக்கொள்வாள். எத்தனை துடைத்தாலும் அதன் முதுகில் ஒரு பிசுபிசுப்பு மிச்சம் இருக்கும். டி.வி. ரிமோட்டைவிடக் கொஞ்சம் பருத்த கருவி. நீட்டிக்கொண்டிருக்கும் அதன் மூக்கில் காற்றுப் புகுவதற்குச் சின்னச் சின்னக் கீறல்கள். பொத்தானை அமுக்கினால் நிற்கிற இடத்தின் வெக்கை எத்தனை டிகிரி என்று காட்டும். முப்பத்தேழைத் தாண்டிவிட்டால் வெடிமருந்து கலக்கவோ குழாய்களில் செலுத்தவோ கூடாது, ஷெட்டைப் பூட்டிவிட வேண்டும் என்பது அவர்கள் பட்டாசு கம்பெனியின் சட்டம். காலை எட்டு மணி, பதினொன்று, மதியம் ஒன்று. மூன்று வேளையும் மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. லைசென்ஸ் அவள் பேரில் இருந்தது. நடத்துகிறவன் அவள் புருஷன் தனுஷ்கோடி.

இன்றைக்குக் காலையில் திருத்தங்கல் பிரஸ்ஸிலிருந்து அடுத்த வருசக் காலண்டருக்கு மாதிரி ஒன்று வந்திருந்தது. மேசையில் நிற்க வைக்கிற ரகம். அதன் ஓரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு பட்டை. அறையின் வெக்கைக்குத் தக்கபடி அதில் ஒரு எண் பச்சையாக ஒளிரும். பதினொரு மணிக்கு அவள் நோட்டில் 33 என்று எழுதிவிட்டு நிமிர்ந்தபோது காலண்டரில் 39 ஒளிர்ந்தது.

ஓசிக் காலண்டர் வேறு எப்படி இருக்கும் என்று முதலில் நினைத்தாள். பன்னிரண்டு மணிக்கு மறுபடி பார்த்தாள். காலண்டரில் நாற்பது, மீட்டரில் முப்பத்துநாலு. இரண்டையும் தூக்கிக்கொண்டுபோய்த் தண்ணீர்ப் பானையை ஒட்டி வைத்தாள். கொஞ்ச நேரத்தில் காலண்டர் முப்பத்துமூன்றுக்கு இறங்கியது, மீட்டர் இருபத்தேழுக்கு. மேசைக்குக் கொண்டுவந்தாள். இரண்டும் பழையபடி ஏறின. எங்கே வைத்தாலும் அந்த ஆறு டிகிரி பங்காளிப் பகை மாதிரி நடுவில் நின்றது.

ஆபீஸ் அறைக்கு எதிரே, ஷெட்டுகளைச் சுற்றிப் போட்ட வேலிக்கு உள்ளே, வேப்பமரத்தடியில், செலுத்துகிற ஷெட்டின் நான்கு பெண்களும் தூக்குவாளியைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு மணிக்கு ஃபோர்மேன் கண்ணுச்சாமி நோட்டுக்கு வருவார். அவள் கையெழுத்துப் போட்டால் அந்த நான்கு பேரும் மறுபடி ஷெட்டுக்குள் போய் உட்கார்ந்து குழாய்களில் மருந்தைச் செலுத்துவார்கள். அதற்குள் இந்த மீட்டர் சொல்வது நிஜமா பொய்யா என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

மீட்டரைக் கவிழ்த்தாள். பின்மூடியில் நான்கு துளைகள். மூன்று காலி. நான்காவதில் மட்டும் ஒரு ஸ்க்ரூ, முழுதாக இறங்காமல் அரிசி தடிமனுக்கு வெளியே துருத்திக்கொண்டு நின்றது. அந்த மூன்று காலித் துளைகளை அவள் தினமும் விரல் நுனியால் தொட்டிருக்கிறாள். ஒரு நாள்கூட ஏன் என்று கேட்டதில்லை. மீட்டர் கம்பெனிக்காரனே அப்படி அனுப்பியிருப்பான் என்று நினைத்தாளா? அப்படியும் நினைக்கவில்லை. எதையுமே நினைக்கவில்லை என்பதுதான் உண்மை.

மேசை டிராயரிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் திருகினாள். வழுக்கியது. அழுத்தித் திருகினாள். மறுபடி வழுக்கிக் கட்டைவிரலைக் கீறியது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிளஸ் குறி இருக்க வேண்டிய இடம் தேய்ந்து, சொத்தைப் பல் மாதிரி குழிந்து கிடந்தது. குழிக்குள் கறுப்பாக ஏதோ அடைந்திருந்தது.

குத்தி எடுக்க ஊசி வேண்டும். அறை வாசலில் ஒரு பிளாஸ்டிக் டப்பா இருந்தது. உள்ளே போகிற பெண்கள் கொண்டை ஊசி, சேஃப்டி பின், சாவி என்று இரும்பாக இருப்பதையெல்லாம் அதில் போட்டுவிட்டுத்தான் வேலிக்குள் கால் வைக்க வேண்டும். இரும்பு உரசிப் பொறி வந்தால் போயிற்று. உள்ளே சுத்தியல், உளி, கரண்டி எல்லாமே பித்தளைதான். யோகலட்சுமி ஒரு கொண்டை ஊசியை எடுத்தாள். தேங்காய் எண்ணெயும் வியர்வையும் கலந்த சிக்கு வாடை அடித்தது. யாருடைய முடியோ இரண்டு இழை அதில் சுற்றியிருந்தது. முடியை உருவிப் போட்டுவிட்டு ஊசி முனையால் குழியை நோண்டினாள். நகக்கண் அழுக்கு மாதிரி ஒரு கறுப்பு மசி சுருண்டு வந்தது. அதற்கும் கீழே பளபளவென்று மஞ்சளாக ஒரு தூள். காகிதத்தில் தட்டினாள்.

பித்தளை.

வெளியே யாரும் பித்தளையை வைத்து ஸ்க்ரூ திருக மாட்டார்கள். வேலிக்கு உள்ளே வைத்துத்தான் இதை யாரோ திறந்திருக்கிறார்கள்.

அப்போது தனுஷ்கோடி டிபன் கேரியரோடு உள்ளே வந்தான். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, நோட்டை ஒதுக்கிவிட்டு இலையை விரித்தான். ஆட்டுக்கறிச் சுக்கா. அறையில் மிளகு வாசனையும் கொழுப்பு வாடையும் ஏறின.

"என்ன, மெக்கானிக் ஷாப் தொறந்துட்டியா?"

"இது தப்பாக் காட்டுது."

"எது?"

"மீட்டரு. ஆறு டிகிரி கம்மியாக் காட்டுது."

அவன் காலண்டரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு ஒரு எலும்பை எடுத்து வாயில் வைத்து உறிஞ்சினான். உள்ளேயிருந்த மஜ்ஜை வரவில்லை. இலையின் ஓரத்தில் தட்டிவிட்டு மறுபடி உறிஞ்சினான்.

"அது ஓசியில வந்தது. இது வெல கொடுத்து மெட்ராஸ்ல இருந்து வரவழைச்சது. எத நம்புவ?"

"ஒடம்ப நம்புறேன். வெளிய போய் நின்னு பாருங்க. முப்பத்துநாலா இருக்கும்?"

"கத்திரி வெயில்ல வெக்கையாத்தான் இருக்கும். ஊட்டிக்கா வாக்கப்பட்ட?"

தன் பேச்சுக்குத் தானே சிரித்துக்கொண்டான். அவன் உதட்டில் ஒட்டியிருந்த கறித்துணுக்கு சிரிப்போடு சேர்ந்து ஆடியது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருசம். அவன் சாப்பிடுவதைப் பார்க்க அவளுக்கு எப்போதும் பிடித்ததில்லை. அதைச் சின்ன விஷயம் என்றுதான் ஒதுக்கி வைத்திருந்தாள். இன்றைக்கு அவன் ஒரு தடவைகூட மீட்டரை வாங்கிப் பார்க்கவில்லை என்பதைக் கவனித்தாள். தப்பாகக் காட்டுகிறது என்று சொன்னால் எந்த முதலாளியும் முதலில் அதைத்தான் செய்வான்.

ஸ்க்ரூவின் தலைமேல் ஒரு ரப்பர் பேண்டை விரித்து வைத்து, அதன்மேல் டிரைவரை அழுத்தித் திருகினால் பிடி கிடைக்கும் என்று எப்போதோ செல்போனில் பார்த்திருந்தாள். செய்து பார்த்தாள். கால்வாசி அசைந்தது. அப்புறம் ரப்பர் அறுந்து நூல் நூலாகக் குழிக்குள் போய்ச் சுருண்டுகொண்டது.

"விடு லட்சுமி. ஸ்க்ரூ வீணாப் போச்சுன்னா வராது."

"வீணாப் போச்சுன்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்? நான் சொல்லலையே."

அவன் சோற்றைப் பிசைந்தான். விரலிடுக்கில் குழம்பு வழிந்தது.

டிராயரைக் கிளறினாள். குறடு கிடைக்கவில்லை. அடியில் அவனுடைய நகவெட்டி கிடந்தது. அதன் வாயில் மஞ்சளாகப் பிறை மாதிரி ஒரு பழைய நகத்துண்டு சிக்கியிருந்தது. அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. இந்த மனிதனின் துணியைத் துவைத்திருக்கிறாள், வாந்தியை அள்ளியிருக்கிறாள், அப்போதெல்லாம் வராத குமட்டல். நகத்தை ஊசியால் தள்ளிவிட்டு, துருத்திக்கொண்டிருந்த ஸ்க்ரூ தலையின் பக்கவாட்டில் நகவெட்டியின் இரண்டு உதட்டையும் கொடுத்துக் கெட்டியாகக் கவ்வினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு இடப்பக்கமாகத் திருப்பினாள். ஒருதரம் நழுவியது. இரண்டாம்தரம் கிறீச்சென்று அசைந்து கொடுத்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, பிடுங்கப்பட மனமில்லாத பல் மாதிரி, முழுதும் மேலே வந்தது.

மூடியைத் திறந்ததும் நாற்றம் முகத்தில் அடித்தது. ஊசிப்போன மைதா நாற்றம். காகிதக் குழாய் ஒட்டுவதற்குப் பூச்சி அரிக்காமல் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சுகிற பசை. இந்தச் சுற்றுவட்டாரத்தில் பிறந்த யாருக்கும் கண்ணைக் கட்டிக்கொண்டே அது தெரியும். மூக்குப் பக்கமாகப் போகிற வயரின்மேல் அதை உருண்டையாக அப்பியிருந்தார்கள். பச்சை பூத்து, பூஞ்சை பிடித்து, நடுவில் ஒரு கரப்பான் முட்டையோடு காய்ந்து கிடந்தது. ஊசியால் பெயர்த்தாள். உள்ளே, உடம்பில் வண்ண வளையங்கள் போட்ட நெல்மணி அளவுச் சாமான் ஒன்று. அதன் இரண்டு காலையும் அறுத்த வயரின் இரண்டு முனையோடு கையாலேயே முறுக்கி விட்டிருந்தது.

அவள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண்ணுச்சாமி வாசலில் வந்து நின்றார். ஃபோர்மேனாக வருவதற்கு முன்னால் சிவகாசியில் ரேடியோ, செல்போன் ரிப்பேர் கடையில் இருந்த ஆள்.

"மதினி, மணி ஒண்ணாகப் போகுது, நோட்டு..." என்றவர், மேசையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். "அட, அந்த ஸ்க்ரூவ எப்படிக் கழட்டுனீக? அது இனி வராதுன்னுல்ல நெனச்சேன்."

தனுஷ்கோடி இலையை மடித்தான். நிமிரவில்லை.

"இது என்னதுண்ணே?" என்று கேட்டாள் யோகலட்சுமி.

கண்ணுச்சாமி முதலாளியைப் பார்த்தார். அங்கே சாடை எதுவும் கிடைக்கவில்லை. "ரெசிஸ்டரு மதினி. ஆறு டிகிரி இறக்கிக் காட்டும், அம்புட்டுத்தான். ரெண்டு வருசமாச்சு. மத்தியானம் ஷெட்டப் பூட்டிப் பூட்டி லோடு போகலன்னு அண்ணாச்சி..."

"உள்ள வச்சா செஞ்சீக?"

"ஸ்டோர் ரூம்ல வச்சுத்தான்." அவர் குரலில் அவசரமும் கொஞ்சம் பெருமையும் வந்தது. "ஆனா ஒரு இரும்பு உள்ள கொண்டு போகல மதினி. பித்தளை உளியிலதான் திருகுனேன், அதான் மூணு ஸ்க்ரூ நாசமாப் போச்சு. ஈயம் உருக்குற சூட்டுக்கோலும் வைக்கல. முறுக்கிவிட்டுப் பசையத்தான் அப்புனேன். அந்த விசயத்துல நான் ரொம்பச் சுத்தம்."

கோயில் உண்டியலை உடைக்கப் போகிறவன் வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துக் கால் கழுவிவிட்டுப் போன மாதிரி. அந்த ஆள் பொய் சொல்லவில்லை. அவர் கண்ணில் கள்ளமே இல்லை. அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

"பழையபடி வயர முறுக்குங்க."

"மதினி..."

"அதை எடுத்துட்டு வயரோட வயர முறுக்குங்கண்ணே."

"லட்சுமி, இன்னைக்கு ஒரு நாள் போகட்டும்," என்றான் தனுஷ்கோடி. விரலை ஒவ்வொன்றாகச் சூப்பிக்கொண்டே சொன்னான். "வெள்ளிக்கிழம லாரி வருது. ரெண்டு வருசம் ஒண்ணும் ஆகலல்ல? இனிமேலா ஆகப்போகுது? அப்படியே மூடி வச்சிட்டுக் கையெழுத்தப் போடு."

"லைசென்ஸ் யாரு பேர்ல இருக்கு?"

"ஓ, லைசென்ஸா? எம் பொண்டாட்டி பேர்ல இருக்கு."

"அப்ப அவ சொல்றா. முறுக்குங்கண்ணே."

கண்ணுச்சாமி நகத்தால் முறுக்கைப் பிரித்துச் சேர்த்தார். பொத்தானை அமுக்கியதும் எண் ஏறியது. நாற்பதில் நின்றது. அவள் மூடியில்லாத மீட்டரோடும் நோட்டோடும் எழுந்து வெளியே போனாள். முகத்தில் அனல் அறைந்தது. வேலிக் கதவருகே நின்றாள். நாற்பத்திரண்டு.

போன வாரம் இதே நேரத்தில் இதே கதவைத் திறந்தபோது கம்பி கையைச் சுட்டது ஞாபகம் வந்தது. உள்ளங்கையை ஊதிக்கொண்டே மீட்டரைப் பார்த்தாள். முப்பத்துநாலு. அப்பாடா என்றிருந்தது. சுட்ட கையாலேயே பேனாவைப் பிடித்து எழுதினாள். அந்த எண் அவளுக்கும் சௌகரியமாகத்தான் இருந்திருக்கிறது.

நோட்டைக் கதவில் சாய்த்துவைத்து, ஒரு மணிக் கட்டத்தில் 42 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மரத்தடிப் பெண்கள் கைகழுவிவிட்டு ஷெட்டுப் பக்கம் நடந்துகொண்டிருந்தார்கள். முன்னால் போன அழகுமீனாவைக் கூப்பிட்டாள்.

"இன்னைக்குப் போதும் மீனா. உள்ள போகாதீக. முழுக் கூலி உண்டு. ஷெட்டோட பித்தளைச் சாவிய எங்கிட்டக் குடு."

"ஏங்க்கா, இன்ஸ்பெக்சனா?"

"இல்ல. மீட்டரு தப்பாக் காட்டிக்கிட்டு இருந்திருக்கு. நெஜத்துல நாப்பத்திரெண்டு."

அழகுமீனா சாவியை நீட்டியபடி அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பின்னால் நின்ற பெண்களில் ஒருத்தி மெல்லச் சிரித்தாள்.

"அது கண்ணுச்சாமியண்ணே சொல்லித் தெரிஞ்சதுதானக்கா. நாங்க ஆறு கூட்டிக்கிடுவோம்," என்றாள் அழகுமீனா.

"என்னது?"

"நீங்க முப்பத்துநாலுன்னு எழுதுனா நாப்பதுன்னு வச்சுக்கிடுவோம். மருந்த இன்னும் பதனமா அள்ளணும், அவசரப்படக் கூடாதுன்னு எங்களுக்குள்ள ஒரு கணக்கு." பிறகு சாதாரணமாகக் கேட்டாள். "ஒங்களுக்கும் தெரியும்னுல்ல நெனச்சோம்?"

தெரியாது என்கிற சொல் யோகலட்சுமியின் நாக்கு நுனிவரை வந்தது. ஊசிப்போன பசையை வாயில் வைத்த மாதிரி இருந்தது. அதை வெளியே விட்டிருந்தால் இந்தப் பெண்கள் நம்பியிருப்பார்கள். பாவம் அக்கா என்றுகூடச் சொல்லியிருப்பார்கள். அந்தப் பரிதாபத்தை நினைத்தபோதுதான் அவளுக்கு உண்மையிலேயே அருவருத்தது. ஆபீஸ் அறையில் உட்கார்ந்து விரலைச் சூப்புகிறவன்மேல் வந்ததைவிட அதிகமாக, தன்மேலேயே அருவருத்தது.

"தெரிஞ்சுக்கிடாம இருந்தேன் மீனா," என்றாள்.

அழகுமீனா சரி என்றோ பரவாயில்லை என்றோ சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, "நாளைக்கும் இதே வெயில்தானக்கா அடிக்கும், நாங்க வரணுமா?" என்று மட்டும் கேட்டாள்.

"காலையில வாங்க. முப்பத்தேழத் தாண்டுறதுக்குள்ள முடிச்சிட்டுப் போயிருவீக."

"லாரி?"

"லாரி காத்துக் கெடக்கட்டும்."

பின்னால் அறைக்குள்ளிருந்து தனுஷ்கோடி அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். இரண்டாம்தரமும் கூப்பிட்டான். அவள் திரும்பாமல் ஷெட்டை நோக்கி நடந்தாள். நான்கு கதவுகளையும் இழுத்துப் பார்த்துப் பூட்டினாள்.