இரண்டு விநாடி

பாட்டு நின்றதும் அக்காவின் வலது கால் அந்தரத்தில் நின்றது. தரையிலிருந்து நாலு விரற்கடை உயரத்தில், எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாத சாமான் மாதிரி. இரண்டே விநாடிதான். சுவரில் இரும்புப் பட்டை போட்டு இறுக்கியிருந்த பழைய சிடி பிளேயரில் அடுத்த துண்டு தொடங்கியபோது, அவள் பக்கத்துக் கம்பியை இடது கையால் பற்றிக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பயிற்சிக்கூடத்துத் தரையில் நீளமாக இழுத்திருந்த மஞ்சள் கோட்டில் பாதிகூடத் தாண்டவில்லை.

"பாட்டு எங்கடா போச்சு?" என்றாள் தம்பியிடம். பக்கவாதம் வந்து மூன்று மாதம் ஆகியும் நாக்கு முழுதாகத் திரும்பவில்லை. சொற்கள் ஈரத்துணி மாதிரி கனத்து வந்தன.

"எங்கயும் போகலக்கா. இதோ ஓடுதே."

"நடுவுல செத்துப்போச்சு."

நடை பழகுகிறவர்கள் எல்லாரும் நடையம்மா என்று கூப்பிடும் பயிற்சியாளர் அக்காவை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுத் தம்பியைத் தனியே அழைத்தார். "வெள்ளிக்கிழமை நான் எழுதிக் குடுக்கணும் சார். நாப்பதடி, கம்பியத் தொடாம. நடந்தாங்கன்னா வீட்டுக்கு. இல்லேன்னா மேல்மாடிக்கு." மேல்மாடியில் நல்ல வெளிச்சம், நல்ல கவனிப்பு எல்லாம் உண்டு. அங்கே போனவர்கள் படியிறங்கி வந்ததைத்தான் யாரும் பார்த்ததில்லை.

தம்பி பல் செட் கட்டுகிறவர். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே ஒரு மயிரிழை விடாமல் அடுக்கத் தெரிந்த கை. அந்தக் கைக்கு இரண்டு விநாடி இடைவெளி பிடிபடாமல் போனதுதான் அவருக்கு வெட்கம்.

பாட்டு என்று சொன்னாலும் அதில் பாடல் கிடையாது. ஒரு புல்லாங்குழல், அதன் அடியில் தூங்கி எழுந்த மாதிரி ஒரு மத்தளம். அக்கா ஆஸ்பத்திரியில் அசையாமல் கிடந்த முதல் வாரத்தில் பக்கத்துக் கட்டில்காரியின் போனில் அது ஓடியது. போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த வலது பெருவிரல் அதற்கு மெல்லத் தாளம் போட்டதைத் தம்பிதான் முதலில் பார்த்தார். பார்த்ததை உடனே யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நின்றுவிடும் என்று பயம். அன்றைக்கே இணையக் கடையில் அதை வாங்கிவிட்டார். பதினொரு துண்டாக விற்றார்கள். கேட்டால் ஒரே ஓட்டம், ஓடுகிற ஆறு எங்கே துண்டாகிறது? ஆனால் கூடத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. யாருக்கோ மணியடித்து, நடந்துகொண்டிருந்த ஒருவர் திடுக்கிட்டு விழுந்ததிலிருந்து எல்லார் போனும் வாசல் பெட்டியில்தான். உள்ளே இருப்பது அந்தச் சுவர்ப் பிளேயர் ஒன்றுதான். அதற்கு ஆடியோ சிடி என்றால் மட்டுமே வாய் திறக்கும்.

கடைக்காரர்கள் பாட்டைக் கொடுத்தார்களே தவிரச் சாவியைக் கொடுக்கவில்லை. அவர்களுடைய புரோகிராமில் மட்டுமே சிடி எழுத முடியும், அதுவும் ஐந்து முறை. முதல் தடவை எழுதியதைப் போட்டதும் பிளேயர் 'டிஸ்க் இல்லை' என்றது. உள்ளே பளபளவென்று சுற்றிக்கொண்டிருக்கும்போதே இல்லை என்றது. ஆடியோ என்பதற்குப் பதில் டேட்டா என்று எழுதியிருந்ததாம். இரண்டாவது, தொண்ணூற்று மூன்றாம் சதவீதத்தில் கண்ணை மூடிக்கொண்டது. மூன்றாவதுதான் இன்று அக்காவின் காலைத் தொங்கவிட்டது. வீட்டுக்குப் போய் இடைவெளி என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டு நாலாவது எழுதினார். கணினி பூஜ்யத்தை மரியாதையாக வாங்கிக்கொண்டு, பழையபடி இரண்டு விநாடி வைத்தது. ஐந்தாவதை எடுத்துக்கொண்டு தெருக்கோடி கம்ப்யூட்டர் கடைக்குப் போனார்.

"ரெண்டு செகண்டுதானே சார்? அதுக்குள்ள உலகம் முழுகிடுமா?" என்றார் கடைக்காரர், ஸ்க்ரூ டிரைவரால் முதுகைச் சொறிந்தபடி.

"உலகம் முழுகாது. எங்கக்கா விழுந்துருவா."

கடைக்காரர் முதுகை விட்டார். அரைமணி நேரம் மல்லாடினார். ஐந்தாவதும் விநாடி மாறாமல் அப்படியே வந்தது. அதோடு 'அனுமதி முடிந்தது' என்று ஒரு சிவப்புக் கட்டம்.

"சாமி வரம் குடுத்தாலும் பூசாரி விடமாட்டான் சார். ஒண்ணு பண்ணுங்க. பாட்ட ஸ்பீக்கர்ல ஓடவிட்டு, முன்னால ஒரு மைக்க வச்சுப் பிடிச்சுடுங்க. அது உங்க சொந்த ரெக்கார்டிங். ஒரே துண்டா எத்தன தடவ வேணா எழுதலாம்."

வியாழக்கிழமை பிற்பகல் தம்பி வேலைக்கூடத்தைப் பூட்டிவிட்டு வந்தார். மனைவியிடம், "ஒரு மணி நேரம் மூச்சுகூட சத்தமா விடாத" என்றார்.

"கல்யாணமான நாள்லேர்ந்து அதான சொல்றீங்க" என்று அவள் வளையல்களைக் கழற்றி அலமாரியில் வைத்தாள். "உங்கக்கா இங்க வந்து நாலு அதட்டு அதட்டினாத்தான் நீங்க அடங்குவீங்க. நடந்து வரட்டும் மொதல்ல." போகிற போக்கில் மின்விசிறியையும் அணைத்துவிட்டுப் போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

பாட்டு தொடங்கியது. விசிறி நின்ற அறையில் வெயில் ஒரு விரிப்பு மாதிரி தரையில் கிடந்தது. அதில் தூசிகள் ஏறுவதும் தெரியவில்லை, இறங்குவதும் தெரியவில்லை. குழல் எங்கோ தூரத்தில் ஒரு கதவைத் திறந்து, உள்ளே வரலாமா என்று நின்றது. மத்தளம் வா என்றது. அக்கா படுக்கும் கட்டில் மடிப்புக் கலையாத விரிப்போடு சுவரோரம் இருந்தது. அதன்மேல் வெயில் நகர்ந்து ஏறியபோது, யாரோ மெதுவாக வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது இரண்டு பேருக்கும். மனைவி கண்ணை மூடியிருந்தாள், உதடு மட்டும் ஏதோ எண்ணிக்கொண்டிருந்தது. தம்பிக்கு இருமல் வந்தது. துண்டை வாயில் திணித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, அதை விழுங்கினார். முடிந்தபோது ஒரு மணி நேரம் போயிருந்தது என்று கடிகாரம் சொன்னது. அவருக்கு ஒரு நாள் போன மாதிரியும் இருந்தது, கண்ணிமைத்த மாதிரியும் இருந்தது.

அப்படியே சிடியில் எழுதி, அதே அறையில், அதே இடத்தில் உட்கார்ந்து முதலிலிருந்து கடைசி வரை கேட்டுப் பார்த்தார். எங்கேயும் ஒரு வெட்டு இல்லை. வழவழவென்று ஓடியது.

வெள்ளிக்கிழமை காலை நடையம்மா ஒரு அட்டையில் தாளைச் செருகி, பென்சிலோடு நின்றார். அக்கா புதிதாகத் தலைவாரியிருந்தாள். கோட்டின் தொடக்கத்தில் நிறுத்திவிட்டுக் கையை விட்டதும் தம்பியை ஒரு தரம் பார்த்தாள். சின்ன வயதில் அவர் பரீட்சைக்குப் போகும்போது அவள் வாசலில் நின்று பார்க்கிற பார்வை அது. இன்று ஆள் மாறியிருந்தது.

குழல் வந்தது. கால் அதைப் பிடித்துக்கொள்ள ஒரு நிமிடம் ஆயிற்று. பிறகு இடது, வலது, இடது. வலது கால் கொஞ்சம் இழுத்தது, ஆனாலும் வந்தது. பத்தடி. பதினைந்து. முன்பு வெட்டு விழுந்த இடம் நெருங்கியது. குழல் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டது. அக்காவும் தாண்டினாள். இருபதடி. இருபத்தைந்து. நடையம்மா தலையை ஆட்டிக்கொண்டார்.

முப்பதாவது அடியில் குழல் தணிந்து, மத்தளம் விரல் நுனிக்கு இறங்கியது. அந்த அமைதியில் கூடம் முழுக்கக் கேட்டது: டொக். சற்றுப் பொறுத்து இன்னொரு டொக். பாதி நிரம்பிய வாளியில் விழும் சொட்டு.

தம்பிக்கு அது எது என்று தெரிந்தது. அவர் வீட்டுச் சமையலறைக் குழாய். வருஷக்கணக்காக ஒழுகி ஒழுகி, இருப்பவர்களின் காதுக்கு இல்லாமலே போய்விட்ட ஒழுக்கு. வீட்டில் கேட்டுப் பார்த்தபோது சிடியில் விழுந்த சொட்டும் சமையலறையில் விழுந்த சொட்டும் ஒன்றோடொன்று கலந்திருக்கின்றன.

அக்கா நின்றாள். கம்பி பக்கத்திலேயே இருந்தது, தொடவில்லை. தலையைச் சாய்த்தாள்.

"எவன்டா… கொழாய மூடாம வந்தது?"

"அக்கா, நேராப் போக்கா. இன்னும் பத்தடிதான்."

அவள் காதில் அது விழவே இல்லை. மஞ்சள் கோட்டைவிட்டு இறங்கினாள். கோடுமில்லை, கம்பியுமில்லை, தாளம்கூட இல்லை. வெறும் சொட்டு மட்டும். ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து, ஆனால் அவசரமாக, வேலை இருக்கிறவள் நடக்கிற நடையில், கூடத்துக்குக் குறுக்கே பிளேயர் இருந்த சுவரை நோக்கிப் போனாள். தம்பி ஓடப் பார்த்தார். நடையம்மா பென்சில் பிடித்த கையைக் குறுக்கே நீட்டித் தடுத்தார். தாளில் இன்னும் எதுவும் எழுதவில்லை.

அக்கா சுவரருகே நின்று வலது கையை உயர்த்தினாள். மூன்று மாதமாக மடங்கியே கிடந்த விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்து, காற்றில் எதையோ சுற்றிப் பிடித்து, வலப்பக்கமாகத் திருகின. பிறகு அவள் அசையாமல், அடுத்த சொட்டு விழுகிறதா என்று காத்திருந்தாள்.