பாலத்தின் மறுபாதி

அம்மா இறந்தபோது அந்த அறையில் இருந்தவர்கள் மூத்த மகன், அவர் மனைவி, அவருடைய தங்கை, ஊசி போட வந்த நர்ஸம்மா. மாப்பிள்ளை மருந்துக்கடைக்குப் போயிருந்தார். வேறு ஒருவரும் இல்லை. பிறகு எத்தனையோ பேர் தாங்களும் கட்டிலருகே நின்றதாகச் சொல்லிக்கொண்டார்கள். அந்த அறையில் அதற்கு மேல் ஆள் நிற்க இடம் கிடையாது.

மூத்தவர் கட்டிலின் இரும்புக் காலை விரல் முட்டியால் தட்டிக்கொண்டிருந்தார். இரண்டு தட்டு, சற்று இடைவெளி, மறுபடி இரண்டு தட்டு. அந்த வீட்டில் அம்மாவைக் கூப்பிடுவது அப்படித்தான். நடமாடிய காலத்தில் தரையைக் காலால் மிதிப்பார்கள். அடுப்படியில் முதுகைக் காட்டி நின்றாலும், மிதித்தது மகனா மகளா என்று தெரிந்துகொண்டுதான் திரும்புவாள். படுக்கையில் விழுந்த பிறகு கட்டில் கால்.

நேற்று வரைக்கும் தட்டியதும் கண்ணைத் திறந்தாள். நர்ஸம்மா மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கையை மெதுவாகப் போர்வைமேல் வைத்தாள்.

"போதும் சார்."

அவர் இன்னும் ஒரு தடவை தட்டினார். பிறகு மடித்துவிட்டிருந்த சட்டைக் கையை இறக்கிப் பொத்தான் போட்டுக்கொண்டார். யாருக்கு முதலில் சொல்வது என்று மனைவி கேட்டாள். அதற்கு அவசியமே இருக்கவில்லை. நர்ஸம்மா தெருமுனையைத் தாண்டுவதற்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. இருட்டுவதற்குள் நாட்டுக்கே தெரிந்துவிட்டது.

ஏனென்றால் ஆண்டுக்கொரு நாள் நாடு முழுவதும் கடையடைத்து, வேலையை விட்டுவிட்டு நடக்கிறதே, அந்த நடை நாள் பிறந்தது அவளால். ஐந்தாம் வகுப்பில் அது பாடம். பட்டாளம் ஆற்றுப்பாலத்தை மூடியது, தாண்டினால் சுடுவோம் என்றது. ஊரே இக்கரையில் தயங்கி நின்றது. அப்போது நெசவாலைப் பெண் ஒருத்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். செருப்பைக் கழற்றிக் கையிலெடுத்து அக்கரைத் துப்பாக்கிகளுக்கு நேராகக் காட்டினாள். நில் என்று ஒலிபெருக்கி மூன்று முறை சொன்னது. மூன்று முறையும் கேட்டாள், நடந்தாள். ஊர் அவள் பின்னால் நடந்தது. அத்தனை பேரையும் சுட மனமில்லாமல் துப்பாக்கிகள் தாழ்ந்தன. பாலத்தின் முகப்பில் இன்றைக்கும் வெண்கலத்தில் நிற்கிறாள், செருப்பை ஓங்கியபடி.

வீட்டுக்குள் இருந்த கதை வேறு. அம்மாவுக்குக் காது அறவே கேட்காது. தறிச் சத்தம் இளம் வயதிலேயே இரண்டு காதையும் தின்றுவிட்டது. உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடித்துக்கொள்வாள். ஆலையில் பாதிப் பேர் அப்படி, அதனால் அங்கே அது ஒரு செய்தியே இல்லை. வெளியில் அவளை அழுத்தக்காரி என்று நினைத்தார்கள். அன்று அவள் வீட்டைவிட்டு இறங்கிப் போன பிறகுதான் தடையைச் சொல்லும் ஒலிபெருக்கி வண்டி தெருவுக்குள் வந்தது. முன்பே வந்திருந்தாலும் அவளுக்குத் தெரிந்திருக்காது. பாலத்து முனையில் கூட்டம் நின்றது. வேலைக்கு நேரமாகிறது, இவர்கள் ஏன் வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று இடித்துக்கொண்டு போனாள். பாலம் வந்ததும் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வது அவளுடைய அன்றாட வழக்கம். சிறு வயதில் மகன் அதற்குக் காரணம் கேட்டிருக்கிறார். பின்னால் லாரி வந்தால் காலில் தெரியும் என்றாள்.

அவள் எதையும் மறைத்தவள் அல்ல. பேட்டிக்கு வந்தவர்களிடமெல்லாம் "வேலைக்குத்தான் போனேன்" என்றாள். என்ன அடக்கம் பாருங்கள் என்று அவர்கள் எழுதிக்கொண்டு போனார்கள். பயமாக இல்லையா என்று கேட்டால், "முதல்ல இல்ல" என்பாள். அதற்குக் கைதட்டுவார்கள். மகன் பக்கத்தில் உட்கார்ந்து, கேள்விகளை உதட்டசைவில் அவளுக்குத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருப்பார். அம்மாவுக்கு வயதாகிவிட்டது என்று வந்தவர்களிடம் விளக்குவார்.

மறைத்தவர் அவர்தான். பள்ளி ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்றவர். எந்தப் பள்ளிக்குப் போனாலும் ஏதாவது ஒரு பிள்ளை எழுந்து நின்று அந்தப் பாடத்தை ஒப்பிக்கும். ஆசிரியர்கள் பெருமையோடு அவர் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் முதுகு நாற்காலியைத் தொடாமல் உட்கார்ந்து, முழுவதையும் கேட்டுவிட்டு, "நன்று" என்பார். ஒரு நாட்டின் மரியாதை தன் தாயின் காது கேளாமையின்மேல் நிற்கிறது என்பதை வெளியில் விட்டால் ஊர் சிரிக்கும் என்று அவருக்குப் பட்டது. தன்னைப் பார்த்துச் சிரித்தால் பொறுத்துக்கொள்வார். அவளைப் பார்த்துச் சிரிப்பதை அவரால் பொறுக்க முடியாது.

விழாக்குழுச் செயலாளர் மாலையோடு வந்தார். மறுநாள் ஊர்வலம் பாலத்தைக் கடந்து அக்கரை இடுகாட்டுக்குப் போகும், அக்கரை மேடையில் ஐயா இரண்டு வரி வாசித்தால் போதும் என்று ஒரு தாளை நீட்டினார். நடை நாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, அன்றைக்கே நடந்திருந்தால் எவ்வளவு பொருத்தமாக இருந்திருக்கும் என்று வருத்தப்பட்டார்.

"அம்மாகிட்ட முன்னாடியே சொல்லி வச்சிருக்கலாம் நீங்க," என்றாள் தங்கை.

செயலாளர் போன பிறகு அவள் தாளை வாங்கிப் படித்தாள்.

"மூணு தடவையும் கேட்டாங்கன்னு வாசிக்கப் போறியா அண்ணா?"

"இத்தனை வருஷமா ஊரே வாசிக்குது."

"ஊருக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா என்ன பேசுவாங்க? காது கேக்காம வழி தவறிப் போன பொம்பளைன்னு பேசுவாங்க. நம்ம அம்மாவ."

"வேலைக்குப் போறது உனக்குக் கேவலமா இருக்கா?"

அவள் தாளை நான்காக மடித்து அவர் சட்டைப்பையில் வைத்தாள். "வாசி. ஆனா அம்மாவ மண்ணுல வைக்கறப்ப கூடவே ஒரு பொய்யையும் வைக்கிற இடத்துல நான் நிக்கமாட்டேன். பாலத்தோட திரும்பிடுவேன்."

மறுநாள் காலை பாலத்து முனையில் கால் வைக்க இடமில்லாத கூட்டம். அண்ணனும் தங்கையும் முன்னால். அவர்களுக்குப் பின்னால் பெட்டியைத் தோளில் தூக்கியவர்கள். அதற்குப் பின்னால் ஊர். நடை நாள் வழக்கப்படி யாரும் பேசவில்லை. மூத்தவர் ஷூவுக்குப் பாலிஷ் போட்டிருந்தார். துக்கமானாலும் தெருவில் இறங்கினால் அது அவருக்கு வேண்டும்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். நடை நாளில் அவர் ஒருமுறைகூட நடந்ததில்லை. குடும்பத்துக்கு அக்கரை மேடையில் நாற்காலி. அதிகாலையிலேயே காரில் கொண்டுபோய் உட்கார வைத்துவிடுவார்கள். ஊர் நடந்து வருவதை எதிரே பார்த்திருக்கிறாரே தவிர, அதற்கு முன்னால் நடந்து பார்த்ததில்லை.

பாலம் இரும்பு. நடைதளமும் இரும்புத் தகடுதான். கொஞ்ச தூரம் போனதும் முழங்கால் நடுங்குவதுபோல் இருந்தது. இந்த இடத்திலா என்று அவருக்கு வெட்கமாகிவிட்டது. முதுகை இன்னும் நிமிர்த்திக்கொண்டார். பாலத்தின் நடுவை நெருங்கும்போது நடுக்கம் கூடியது. தங்கை அவர் பக்கம் பார்த்தாள்.

"உனக்கும் தெரியுதா?"

"என்ன?"

"பாலம்."

அவர் நின்றார். குனிந்து ஷூவின் கயிற்றை அவிழ்த்தார். காலுறையையும் கழற்றினார். பெட்டி தூக்கியவர்கள் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் வரிசை வரிசையாக, கரை வரைக்கும் எல்லோரும் நின்றார்கள். அவருடைய வெறுங்காலின் கீழே இரும்பு சில்லென்று அசைவற்றுக் கிடந்தது.

ஓர் அடி எடுத்து வைத்தார். இன்னோர் அடி. கீழே, எங்கோ தூரத்திலிருந்து தொடங்கி, அது மறுபடி வந்தது. உள்ளங்காலில் ஏறி, கணுக்காலைச் சுற்றிக்கொண்டு, எலும்பு வழியாக மேலே போனது. சிறு வயதில் சாப்பாட்டுத் தூக்கோடு தறிக்கூடத்துக்குள் போனால் தரை இப்படித்தான் இருக்கும். அந்த நீளக் கூடத்தில் எங்கோ ஒரு தறி நின்றால், அம்மா தலையைக்கூடத் திருப்பாமல் அந்தத் திசைக்குக் கையைக் காட்டுவாள்.

அவர் வேண்டுமென்றே நின்று பார்த்தார். பாலம் அடங்கியது. நடந்தார். பாலம் உயிர்பெற்றது. பின்னால் இருப்பவர்களில் ஒருவர் முகத்தையும் அவர் பார்க்கவில்லை. ஆனால் அத்தனை பேரும் அவர் காலடியில் இருந்தார்கள். முதியவர்கள் இழுத்து வைக்கும் அடி, குழந்தையைத் தூக்கியவர்களின் கனத்த அடி, எல்லாம் சேர்ந்து ஒரே எடையாக அவர் குதிகாலைத் தாங்கின. அவர் நின்றால் அது நின்றுவிடும்.

எதிரே அக்கரை தெரிந்தது. அன்று அங்கே துப்பாக்கிகள் இருந்தன. நடுப்பாலத்திலிருந்து பார்த்தால், தூக்கிப் பிடித்த குழல்கள் அவளுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும், பின்னால் வருகிற ஊரும் காலில் தெரிந்திருக்கும்.

முதல்ல இல்ல.

பயமாக இல்லையா என்ற கேள்விக்கு, இத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட பதில் அது. அவர் மறுபடி நிற்கவில்லை. ஒரு கையில் ஷூவைப் பிடித்துக்கொண்டு, மூச்சையும் பார்த்துப் பார்த்து விட்டபடி, பாலத்தின் மறுபாதியை நடந்து முடித்தார். தங்கை எப்போது செருப்பைக் கழற்றினாள் என்று அவர் கவனிக்கவில்லை. அக்கரை வந்ததும் அவள் திரும்பிப் போகவும் இல்லை.

மேடையில் செயலாளர் முதலில் அவர் காலைப் பார்த்தார், பிறகு மைக்கைச் சரிசெய்து கொடுத்தார். தாள் சட்டைப்பையிலேயே இருந்தது.

"எங்கம்மாவுக்குக் காது கேக்காது," என்றார். "நில்லுன்னு சொன்னது அவங்களுக்குத் தெரியாது. வேலைக்குப் போனாங்க."

செயலாளர் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது பாதிப் பாலம் வரைக்கும்." ஷூ இருந்த கையால் பாலத்தைக் காட்டினார். "மீதிய நீங்களே நடந்து பாருங்க. செருப்பக் கழட்டிட்டு."

அடக்கம் முடிந்து ஊர் திரும்பியபோது அவரும் தங்கையும் பாலத்தின் அக்கரை முனையில், கடைசித் தகட்டருகே, கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தார்கள். ஜனங்கள் அவர்களைத் தாண்டிப் போனார்கள், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி. சிலர் நடுப்பாலத்தில் நின்றார்கள். நின்றவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. தங்கை அவருடைய ஷூவைக் காலருகே நகர்த்தி வைத்தாள்.

"போட்டுக்கோ அண்ணா."

"இருக்கட்டும்."

அவருடைய இரண்டு உள்ளங்கால்களும் தகட்டின்மேல் பதிந்திருந்தன. கடைசி ஆள் ஊர்க்கரை சேரும் வரைக்கும் அவர் அவற்றை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு நடை நாளில் எல்லோரும் வெறுங்காலோடுதான் நடக்கிறார்கள். அவளுக்குச் செருப்பு வாங்க வசதியில்லாமல் இருந்ததாகவும், அதை நினைத்துத்தான் இந்த வழக்கம் வந்ததாகவும் இப்போது ஒரு கதை கிளம்பியிருக்கிறது. அது சரியல்ல. அவளிடம் செருப்பு இருந்தது. கையில் வைத்திருந்தாள்.