மார்ஷலின் கடைசி இரண்டு வருடங்கள்

குணசிங்கம் ஒஸ்லோவின் ரொம்சோஸ் குடியிருப்புகளில் லிஃப்ட் திருத்துகிறவர். எந்த விடயத்தையும் கழற்றிப் பூட்டி விளங்கப்படுத்தாவிட்டால் அவருக்குப் பொறுக்காது. மாதக் கடைசி ஞாயிறுகளில் அங்குள்ள தமிழர்கள் ஒரு மண்டபத்தில் கூடுவார்கள். முறை வைத்து ஒருவர் பேசுவார். 2004 தை மாதம் அவர் தன் தலைப்பைக் கொடுத்தார்: சோவியத் தளபதி துகாச்செவ்ஸ்கி. அவருடைய முறை பங்குனியில் வந்தது.

அந்தப் பங்குனித் தொடக்கத்தில்தான் ஊரில் புலிகள் இயக்கம் வடக்கு, கிழக்கு என்று உடைந்தது; பிரிந்துபோன கிழக்குத் தளபதியைத் தலைமை துரோகி என்றது. குணசிங்கம் மட்டக்களப்பு ஆள். மனைவி யோகம்மாவின் தம்பி தவேந்திரனோ இயக்கத் தலைமையின் ஊரான கிளிநொச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறான். ஒஸ்லோவில் பேசுவது அவன் வாசலுக்கும் போகும் என்று இருவருக்கும் பயம். தன் ஆட்களாலேயே சுடப்பட்ட தளபதியின் கதை, இந்த மாதத்தில் வேறு யாருடைய கதையாகவோ கேட்கும்.

தலைப்பை மாற்றச் சொன்னாள் யோகம்மா. மாற்றினால் ஏன் மாற்றினார் என்று ஆராய்வார்களே என்றார் அவர். கூட்டத்தை நடத்துகிற ஸ்ரீஸ்கந்தராசா யாழ்ப்பாணத்தவர், நல்ல மனிதர். தொலைபேசியில் பனியைப் பற்றியும் கார்ச் சில்லைப் பற்றியும் கதைத்துவிட்டுக் கடைசியில் விடயத்துக்கு வந்தார்.

“ஆள் செத்த கதை எங்களுக்கு என்னத்துக்கு அண்ணை? டாங்கியளோடை நிப்பாட்டுங்கோ.”

அது மூவருக்கும் சரியாகப் பட்டது.

முன்வரிசையில் வழக்கம்போல வீடியோக் கமெரா நின்றது. நம்மவர் கூட்டம் எதுவும் அது இல்லாமல் நடப்பதில்லை. குணசிங்கம் கமெராவைப் பார்க்காமல் தொடங்கினார். துகாச்செவ்ஸ்கி பிரபு குடும்பத்துப் பிள்ளை. ஜெர்மானியச் சிறையிலிருந்து பலமுறை தப்ப முயன்று கடைசியில் வென்றவர். இருபத்தைந்து வயதில் செம்படையின் ஒரு பிரிவுக்கே தளபதி. வார்சாவில் தோற்றதையும், கிளர்ந்தெழுந்த விவசாயிகளை ஈவிரக்கமின்றி அடக்கியதையும் குணசிங்கம் மறைக்கவில்லை.

பிறகு தேநீர்க் கோப்பைகளை எதிரிப் படையென்று வரிசையாக அடுக்கினார். முன்வரிசையை மட்டும் இடித்தால் என்ன நடக்கும்? பின்னாலிருந்து புது ஆட்கள் வந்து ஓட்டையை அடைப்பார்கள். எப்படி வருவார்கள்? ரயிலில். ஆகவே முன்வரிசை உடைகிற அதே நேரத்தில் விமானங்கள் ரயில்பாதையை அடிக்க வேண்டும், டாங்கிகள் ஓட்டைக்குள்ளால் ஆழமாக ஓட வேண்டும், பின்புறத்தில் பரசூட்டில் ஆட்கள் குதிக்க வேண்டும். இதைத்தான் துகாச்செவ்ஸ்கியும் கூட்டாளிகளும் சிந்தித்தார்கள். கோப்பைகள் நகர நகரச் சபை முன்னால் சாய்ந்தது. குணசிங்கம் பயத்தை மறந்துபோனார்.

“1935இல் நாட்டின் முதல் ஐந்து மார்ஷல்களில் ஒருவரானார். நன்றி,” என்று முடித்தார்.

ஒருவரும் கைதட்டவில்லை. முன்வரிசைக்காரர்கள் ஒரு காலத்தில் மாஸ்கோவிலிருந்து மலிவாக வந்த தமிழ்ப் புத்தகங்களைப் படித்து வளர்ந்தவர்கள். முடிவு அவர்களுக்குத் தெரியும். சொல்லியிருந்தால் அது வரலாறாகப் போயிருக்கும். விட்டதால் எல்லோரும் அதையே நினைத்தார்கள்.

அயலூரான லோறென்ஸ்கூக்கிலிருந்து வந்திருந்த டிலக்சி, பல்கலைக்கழகத்தில் ருஷ்யமொழி படிக்கிற பெண், சிரித்தபடி கையை உயர்த்தினாள்.

“மாமா, கடைசி ரெண்டு வருசத்தையும் ஆர் களவெடுத்தது?”

குணசிங்கம் தேநீர் மேசையருகே நின்ற யோகம்மாவைப் பார்த்தார். அவள் தலையை மெல்ல அசைத்தாள். வேண்டாம் என்று. ஆனால் இனிச் சொல்லாமல் விடுவதே பெரிய பேச்சாகிவிடும்.

“1937இல சுட்டாங்க. துரோகியெண்டு. தீர்ப்புச் சொன்ன மேசையில அவர்ர சக தளபதிமாரும் இரிந்தாங்க. பிறகு மனிசியையும் ரெண்டு சகோதரன்மாரையும் சுட்டாங்க. இருபது வருசம் கழிச்சு, அவரில பிழையில்லயெண்டாங்க.”

ஸ்ரீஸ்கந்தராசா எழுந்துபோய்க் கமெராவை நிறுத்தினார்.

மறுநாள் காலை, தவேந்திரன் வழக்கமாக வந்து நிற்கும் கிளிநொச்சித் தொலைபேசிக் கடைக்கு எடுத்தார்கள்.

“அத்தான், நல்லாக் கதைச்சீங்களாம்,” என்றான்.

“ஆரு சொன்ன?”

“இஞ்ச தெரியும். நாளைக்கு என்னை இயக்க ஒபிசுக்கு ஒருக்கா வந்திட்டுப் போகட்டாம். சும்மா கதைக்கத்தானாம்.”

குணசிங்கம் நடந்ததை முதலிலிருந்து விளங்கப்படுத்தத் தொடங்கினார். யோகம்மா ரிசீவரைப் பறித்தாள்.

“தம்பி, அம்மாவ வவுனியா ஆசுபத்திரியில போட்டிரிக்கு. கடுமையாம். இண்டைக்கே வெளிக்கிட்டுப் போ.”

வவுனியா அரசின் கட்டுப்பாட்டில் இருந்தது; காரணம் இல்லாமல் இயக்கம் அங்கே போக விடாது. அவர்களுடைய தாய் இறந்து மூன்று வருடமாகிறது. கொள்ளி வைத்தவனே தவேந்திரன்தான்.

கடையில் காத்திருப்பவர்களுக்கும் கேட்கும்படி அவன் உரத்துக் கேட்டான்.

“எத்தினையாம் வார்ட்டில அக்கா?”